சிறு ஸ்கிரிப்ட் மொழிக்கு வரிமொழிமாற்றி அமைத்தல்: பெயர்களின் வரையெல்லை என்னும் மையச் சிக்கல்

எழுதிய நிரலைக் கணிப்பொறி இயக்குவதற்கு இரு வழிகள் உள்ளன. நிரல் முழுவதையும் முன்கூட்டியே இயந்திர ஆணைகளாக மாற்றித் தருவது கம்பைலர். நிரலைப் படித்து, அது கேட்பதை அவ்வப்போது தானே செய்து முடிப்பது இன்டர்பிரெட்டர், அதாவது தமிழ்ப் பாடநூல்கள் வரிமொழிமாற்றி என்று வழங்கும் மென்பொருள். பெரிய மென்பொருள்களுக்குள் சிறு வேலைகளைச் செய்விப்பதற்கும், கோப்புகளைக் கையாள்வதற்கும், கணினி விளையாட்டுகளின் போக்கை வகுப்பதற்கும் பயன்படும் ஸ்கிரிப்ட் மொழிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வழியிலேயே தோன்றின. ஒரு நிரலாளர் தனியாக அமர்ந்து எழுதி முடிக்கக்கூடிய அளவுக்கு இவ்வகை மென்பொருள் சிறியதாக இருக்க முடியும் என்பதால், மாணவர்களும் ஆர்வலர்களும் இதைத் தொடர்ந்து எழுதிப் பார்க்கின்றனர்.

இப்பணியின் கட்டங்கள் நன்கு அறியப்பட்டவை. எழுத்துகளின் வரிசையாக வரும் நிரலை டோக்கன்கள் எனப்படும் சொற்கூறுகளாகப் பிரிப்பது முதற்கட்டம். டோக்கன்களை இலக்கண விதிப்படி மரமாக அடுக்குவது இரண்டாம் கட்டம். அம்மரத்தின் கணுக்களை ஒவ்வொன்றாக அணுகி மதிப்பிடுவது மூன்றாம் கட்டம். ஆல்ஃபிரட் ஏஹோ, ரவி சேத்தி, ஜெஃப்ரி உல்மன் ஆகியோரின் 1986ஆம் ஆண்டுப் பாடநூல் முதலாகப் பல நூல்கள் இரண்டாம் கட்டத்தையே மிக விரிவாகப் பேசுகின்றன. ஆனால் சிறு மொழிகளின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், பின்னாளில் திருத்துவதற்கு மிகக் கடினமாக அமைந்த குறைகள் பல இலக்கணத்தில் எழவில்லை என்பதும், நிரலில் வரும் ஒரு பெயர் எந்த மதிப்பைக் குறிக்கிறது என்னும் கேள்விக்குத் தொடக்கத்திலேயே தெளிவான விடை வகுக்கப்படாததால் எழுந்தன என்பதும் புலப்படும்.

ஜான் மெக்கார்த்தி 1960இல் வெளியிட்ட லிஸ்ப் மொழி பற்றிய கட்டுரையில், லிஸ்ப் கோவை எதையும் மதிப்பிடவல்ல 'இவால்' என்னும் செயற்கூறு அதே மொழியில் எழுதிக் காட்டப்பட்டிருந்தது. அதை அவர் கோட்பாட்டு விளக்கமாகவே கருதியிருந்தார். அவருடைய குழுவைச் சேர்ந்த ஸ்டீவ் ரஸ்ஸல் அச்செயற்கூற்றை ஐபிஎம் 704 கணிப்பொறியின் இயந்திர ஆணைகளாகக் கையாலேயே எழுதி இயக்கியபோதுதான், ஒரு மொழியின் வரையறையே அதன் வரிமொழிமாற்றியாகவும் அமையலாம் என்பது நடைமுறையில் நிறுவப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஆல்டேர் 8800 போன்ற சிறு கணிப்பொறிகள் வீடுகளுக்குள் வந்தபோது, கலிபோர்னியாவில் டென்னிஸ் ஆலிசன் 'பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி' இதழில் 'டைனி பேசிக்' என்னும் மிகச் சிறு மொழியின் வரைவை வெளியிட, வாசகர்கள் பலர் அதைத் தத்தம் கணிப்பொறிகளுக்கு எழுதி அனுப்பினர். 1976இல் லி-சென் வாங் எழுதிய 'பாலோ ஆல்டோ டைனி பேசிக்' ஏறத்தாழ 2 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கியது. அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு மொழி முழுவதும் அடங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம், அதில் பெயர் பற்றிய சிக்கலே இல்லை என்பதாகும்: ஆங்கில எழுத்துகள் 26க்கும் 26 மாறிகள், அனைத்தும் நிரல் முழுவதற்கும் பொது, ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் நிலையான இடம். செயற்கூறுகளுக்கு உள்மாறிகள் வேண்டும் என்று கேட்ட கணத்திலேயே இந்த எளிமை முடிந்துவிடுகிறது.

முதற்கட்டமான டோக்கன் பிரிப்பு ஆங்கில எழுத்துகளை மட்டும் ஏற்கும் மொழிக்கு ஓரிரு பக்க வேலையே. எழுத்தில் தொடங்கி எழுத்தும் எண்ணுமாகத் தொடர்வது பெயர், எண்ணில் தொடங்குவது எண், மேற்கோள் குறிகளுக்கு நடுவில் இருப்பது சரம் என்று மூன்று விதிகளும் செயற்குறிகளின் பட்டியலும் போதும். பைத்தானைப் போல வரித்தொடக்க இடைவெளியால் கட்டமைப்பைக் காட்டும் மொழிகளில், இடைவெளியின் ஆழத்தை ஓர் அடுக்கில் குறித்து வைத்து, அது கூடும்போதும் குறையும்போதும் தனி டோக்கன்களை உண்டாக்கும் வேலை கூடுதலாகச் சேரும். தமிழில் பெயர்களை அனுமதிக்கும் மொழிக்கோ இக்கட்டம் உண்மையிலேயே கவனம் கோருவது. யூனிகோடில் அகர வரிசை நீங்கலாக உயிர்மெய் எழுத்து ஒரே குறியீடாக அமைவதில்லை. மெய்யை அடிப்படையாகக் கொண்ட குறியீட்டைத் தொடர்ந்து உயிர்க்குறி தனிக் குறியீடாக வரும், அந்த உயிர்க்குறியும் புள்ளியும் யூனிகோடின் வகைப்பாட்டில் 'எழுத்து' என்னும் இனத்தில் சேரா. ஆகவே ஒவ்வொரு குறியீட்டையும் எழுத்தா என்று மட்டும் சோதிக்கும் நிரல் 'தொகை' என்னும் பெயரைத் தகரத்துடனேயே துண்டித்துவிட்டு, அடுத்து வரும் ஒகரக் குறியைப் பிழை என்று அறிவிக்கும். மேலும் 'தொ' என்பதை ஒகரக் குறி ஒன்றால் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் அடுத்தடுத்து வருமாறும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, பைட் வரிசையில் வேறு வேறு. இவ்விரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணரும் இயல்பாக்கத்தைச் செய்யாத வரிமொழிமாற்றி, ஒரே பெயரை இரு மாறிகளாகக் கருதி, பயனர் கண்ணால் காண முடியாத பிழையைத் தந்து நிற்கும். பைத்தான் 3 தன் பெயர்களை இவ்வாறு இயல்பாக்கிய பின்னரே ஒப்பிடுகிறது. தமிழ் எழுத்தை ஏற்கும் எந்தச் சிறு மொழிக்கும் இது தவிர்க்க முடியாத படி.

முத்தையா அண்ணாமலை பைத்தானில் எழுதி 2009இல் கட்டுரை வழியாக அறிமுகப்படுத்திய எழில் மொழி இங்குக் குறிப்பிடத்தக்கது. அதில் நிபந்தனை முதலில் அடைப்புக்குள் வர, அதன் பின்னரே 'ஆனால்' அல்லது 'வரை' என்னும் சிறப்புச்சொல் வருகிறது. தமிழ்த் தொடரின் இயல்பான வரிசைக்கு இது ஒத்துப்போகிறது. இந்த வரிசை, டோக்கன்களை மரமாக அடுக்கும் பகுப்பியின் வேலையையும் மாற்றுகிறது. ஆங்கில வழி மொழிகளில் முதற்சொல்லைக் கண்டதுமே வரப்போவது நிபந்தனைக் கூற்றா மடக்கா என்பது தெரிந்துவிடும். எழிலின் வரிசையில் நிபந்தனைக் கோவையை முழுதும் பகுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த சொல்லைப் பார்த்த பின்பே எந்தக் கணுவை உருவாக்குவது என்று முடிவு செய்ய வேண்டும். இதில் கடினம் எதுவும் இல்லை. ஆனால் வேற்றுமொழிக்கு எழுதப்பட்ட பகுப்பியின் சிறப்புச்சொற்களை மட்டும் மாற்றி ஒரு தமிழ் மொழியை அமைத்துவிடலாம் என்னும் எண்ணம் இவ்விடத்திலேயே பொருந்தாமல் போகிறது.

இலக்கணப் பகுப்பைப் பொறுத்தவரை, அல்கால் 60 மொழியின் அறிக்கை பேக்கஸ்–நார் வடிவில் இலக்கணத்தை எழுதிக் காட்டிய காலத்திலிருந்தே வழிகள் வளர்ந்து நிலைபெற்றுவிட்டன. ஒவ்வோர் இலக்கண விதிக்கும் ஒரு செயற்கூறு எழுதி, அவை ஒன்றையொன்று அழைக்குமாறு விடுவது தற்சுழற்சி இறங்குமுறை. கோவைகளில் செயற்குறிகளின் முன்னுரிமையைக் கையாள டெய்க்ஸ்ட்ரா 1961இல் தந்த அடுக்குமுறையும், வான் பிராட் 1973இல் தந்த முறையும் உள்ளன. பிராட்டின் முறையில் ஒவ்வொரு செயற்குறிக்கும் ஒரு பிணைப்பு வலிமை எண்ணாகத் தரப்படுகிறது. வலப்பக்கக் கோவையைப் படிக்கும் செயற்கூறு, தன்னை அழைத்த குறியைவிட வலிமை மிக்க குறிகள் வந்துகொண்டிருக்கும் வரை மட்டுமே தொடர்ந்து படிக்கிறது. 10 - 4 - 3 என்பதை இடமிருந்து சேர்த்தால் 3, வலமிருந்து சேர்த்தால் 9. வலிமையை ஒப்பிடும் ஒரே வரியில் 'மிகுதி' என்பதற்குப் பதில் 'மிகுதி அல்லது சமம்' என்று எழுதிவிட்டால் முதல் விடை இரண்டாவதாக மாறிவிடும். இந்த ஒரு கோவையைச் சோதனையாக வைத்துக்கொள்வது எந்த விளக்கத்தையும்விடப் பயன் தருவது.

இலக்கணத்தைக் கொடுத்தால் பகுப்பியைத் தானே உருவாக்கித் தரும் யாக் போன்ற கருவிகள் 1970களில் பெல் ஆய்வகத்தில் தோன்றின. ஆயினும் நடைமுறை மொழிகள் பல அவற்றைவிட்டுக் கையால் எழுதிய பகுப்பிகளுக்கே சென்றுள்ளன: லுவா தொடக்கத்தில் யாக் கருவியைப் பயன்படுத்திப் பின்னர் அதைக் கைவிட்டது, ஜிசிசி கம்பைலர் தன் சி++ பகுப்பியை 2004இல் கையால் எழுதிய இறங்குமுறைக்கு மாற்றியது. பிழைச்செய்தியைத் தெளிவாகத் தரும் வசதியே இதற்குப் பெரிய காரணம். சிறு மொழி அமைப்போருக்குக் கையால் எழுதிய இறங்குமுறையே தக்கது. கருவியைக் கற்கும் நேரத்தில் பகுப்பியையே எழுதி முடித்துவிடலாம்.

மரத்தை மதிப்பிடும் கட்டத்தின் எளிய பகுதிகளை விரைந்து கடக்கலாம். எண் கணு தன் எண்ணையே தருகிறது. கூட்டல் கணு தன் இரு கிளைகளையும் மதிப்பிட்டுக் கூட்டுகிறது. நிபந்தனைக் கணு ஒரு கிளையை மதிப்பிட்டு, மற்ற இரண்டில் ஒன்றைத் தேர்கிறது. சுழியமும் வெற்றுச் சரமும் பொய்யாகக் கொள்ளப்படுமா, எண்ணையும் சரத்தையும் கூட்டினால் என்ன ஆகும் என்பன போன்ற முடிவுகளை எழுத்தில் வகுத்துவிட்டால் போதும். செயற்கூற்றின் நடுவிலிருந்து மதிப்பைத் திருப்பித் தரும் கூற்றுக்குப் பெரும்பாலோர் வரிமொழிமாற்றியை எழுதும் மொழியின் விதிவிலக்கு வசதியையே பயன்படுத்துகின்றனர். அது வேகம் குறைந்ததாயினும் சிறு மொழிக்குப் பொருந்தும்.

பெயர்களின் மதிப்பைக் காக்கும் அமைப்புக்குச் சூழல் என்று பெயர். அது பெயரையும் மதிப்பையும் இணைக்கும் ஓர் அகராதியும், தன்னைச் சூழ்ந்த வெளிச்சூழலுக்கான ஒரு சுட்டும் கொண்டது; பெயர் உள்ளே கிடைக்காவிட்டால் வெளியே தேடப்படும். செயற்கூறு ஒன்று அழைக்கப்படும்போது புதிய சூழல் உருவாக்கப்படுகிறது என்பதில் ஐயம் இல்லை. அந்தப் புதிய சூழலின் வெளிச்சூழல் எது என்பதே கேள்வி. நிரலின் தலைப்பில் 'வீதம் = 5' என்று எழுதி, தொகையை வீதத்தால் பெருக்கி 100ஆல் வகுத்துத் தரும் 'வரி' என்னும் செயற்கூறு வரையறுக்கப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம். தன்னுள் 'வீதம்' என்னும் பெயரை வேறொரு வேலைக்காக 18 என்று வைத்திருக்கும் மற்றொரு செயற்கூறு 'வரி(200)' என்று அழைத்தால் விடை 10 ஆக வேண்டுமா, 36 ஆக வேண்டுமா? அழைத்த இடத்தின் சூழலை வெளிச்சூழலாகக் கொண்டால் 36. வரையறுத்த இடத்தின் சூழலைக் கொண்டால் 10. முன்னது இயங்குநிலை வரையெல்லை, பின்னது சொல்நிலை வரையெல்லை எனப்படும்.

முதல் லிஸ்ப் வரிமொழிமாற்றி இயங்குநிலையில் அமைந்தது. அதுவே எழுதுவதற்கு எளிது என்பதால், இன்றும் முதன்முறை எழுதுவோர் பலர் தம்மையறியாமல் அங்கேயே சென்று சேர்கின்றனர். 1964இல் பீட்டர் லாண்டின், செயற்கூறு என்னும் மதிப்பு தன் உரையையும் தான் பிறந்த சூழலையும் ஒருங்கே சுமக்க வேண்டும் என்று வகுத்து, அவ்விணைக்குக் குளோஷர் என்று பெயரிட்டார். 1975இல் சஸ்மனும் ஸ்டீலும் உருவாக்கிய ஸ்கீம் மொழி அதை லிஸ்ப் குடும்பத்துக்குள் கொண்டுவந்தது. எனினும் ஈமேக்ஸ் தொகுப்பியின் லிஸ்ப் சொல்நிலை வரையெல்லையைத் தேர்ந்துகொள்ளும் வசதியைப் பெற்றது 2012இல்தான். தவறான தொடக்க முடிவு ஒரு மொழியில் எத்தனை காலம் தங்கிவிடும் என்பதற்கு இது தக்க சான்று.

சொல்நிலை வரையெல்லையை ஏற்ற பின்னும் மற்றொரு கேள்வி எஞ்சுகிறது. எழிலின் சிறப்புச்சொற்களைத் தழுவிய ஒரு கற்பனை மொழியில் அமைந்த பின்வரும் நிரலைக் கருதலாம்:

நிரல்பாகம் எண்ணி()
    தொகை = 0
    நிரல்பாகம் கூட்டு()
        தொகை = தொகை + 1
        பின்கொடு தொகை
    முடி
    பின்கொடு கூட்டு
முடி

உள்ளே இருக்கும் 'தொகை = தொகை + 1' என்னும் வரி வெளியிலுள்ள தொகையை மாற்றுகிறதா, அல்லது புதிய உள்மாறியைத் தோற்றுவிக்கிறதா? ஒரே சமக்குறி அறிவிப்பாகவும் மதிப்பளிப்பாகவும் பயன்படும் மொழியில் இதற்கு இயல்பான விடை இல்லை. பைத்தான் இரண்டாம் பொருளைத் தேர்ந்ததால், இவ்வரி இன்னும் மதிப்புப் பெறாத உள்மாறியைப் படிப்பதாகக் கருதப்பட்டுப் பிழையாகிறது. உட்செயற்கூறு வெளிச்செயற்கூற்றின் பெயரைப் படிக்க முடிந்ததே 2001இல் 2.1 பதிப்பு முதல்தான். அப்பெயருக்கு மதிப்பளிக்க வழி கிடைத்தது 2008இல் 3.0 பதிப்பில், அதற்கெனத் தனிச் சிறப்புச்சொல் சேர்க்கப்பட்ட பின்னரே. 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜனீரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த லுவா, 1998இல் வெளி மாறியின் அன்றைய மதிப்பை மட்டும் படியெடுத்து உள்ளே தந்தது. முழுமையான சொல்நிலை வரையெல்லையை அது அடைந்தது 2003இல் வந்த 5.0 பதிப்பில். திறமையும் நிதானமும் மிக்க குழுக்களே இவ்வளவு காலம் எடுத்துக்கொண்ட முடிவு இது. மாறியை அறிவிக்கத் தனிச் சொல்லும், மதிப்பை மாற்றச் சமக்குறியும் என்று முதல் நாளிலேயே பிரித்துவிடும் சிறு மொழிக்கு இச்சிக்கல் எழாது.

மடக்கின் மாறியும் இதே வகைக் குழப்பத்தைத் தருகிறது. மடக்கு சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குளோஷர் உருவாக்கப்பட்டால், அனைத்தும் ஒரே மாறியைப் பகிர்ந்து இறுதி மதிப்பையே காட்டுமா, ஒவ்வொன்றும் தன் சுற்றின் மதிப்பைக் காக்குமா என்பது மடக்கின் சூழல் சுற்றுக்கு ஒன்றா மொத்தத்துக்கு ஒன்றா என்பதைப் பொறுத்தது. சி ஷார்ப் மொழி தன் முடிவை 2012இல் மாற்றிக்கொண்டது. ஜாவாஸ்கிரிப்ட் 2015இல் புதிய அறிவிப்புச் சொல்லால் சரிசெய்தது. கோ மொழி 2024இல் 1.22 பதிப்பில் திருத்தியது. வெளியிடப்பட்ட மொழியின் பொருளை மாற்றுவது எளிதன்று என்று நன்கு அறிந்தவர்களே இத்திருத்தத்தைச் செய்யத் துணிந்தனர் என்பதே இதன் தீவிரத்தைக் காட்டும்.

அகராதிச் சங்கிலியாகச் சூழலை அமைப்பதில் நுட்பமான குறை ஒன்றும் உண்டு. ராபர்ட் நிஸ்ட்ரம் 2021இல் நூலாக வெளியிட்ட தம் பாடத்தில் அதைத் தெளிவாக எடுத்துக்காட்டுகிறார். ஒரு தொகுதிக்குள் வரையறுக்கப்பட்ட செயற்கூறு வெளியிலுள்ள ஒரு பெயரைப் படிக்கிறது. அதன்பின் அதே தொகுதியில் அதே பெயரில் புதிய மாறி அறிவிக்கப்படுகிறது. சங்கிலியில் தேடும் வரிமொழிமாற்றியில், அறிவிப்புக்கு முன் அழைத்தால் ஒரு மதிப்பும், பின் அழைத்தால் வேறு மதிப்பும் கிடைக்கும். சொல்நிலை வரையெல்லையின்படி இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இயக்கத்துக்கு முன் மரத்தை ஒருமுறை சுற்றிவந்து, ஒவ்வொரு பெயரும் எத்தனை சூழல் தள்ளி இருக்கிறது என்று கணுவிலேயே குறித்துவைப்பதே இதற்குத் தீர்வு. இக்கூடுதல் சுற்று ஏறத்தாழ நூறு வரிகளில் முடியும். அறிவிக்காத பெயரைப் பயன்படுத்தியதையும் இயக்கத்துக்கு முன்பே கண்டு சொல்லும்.

குளோஷர் வந்தவுடன் நினைவகம் பற்றிய கேள்வியும் வந்துவிடுகிறது. செயற்கூறு முடிந்த பின்னும் அதன் சூழல் உயிருடன் இருக்க வேண்டியிருப்பதால், உள்மாறிகளை அடுக்கில் வைத்து முடிவில் கழித்துவிட இயலாது. ஜாவா, கோ, பைத்தான் போன்றவற்றில் எழுதுவோருக்கு அம்மொழிகளின் குப்பை சேகரிப்பே போதும். சி மொழியில் எழுதுவோர் பலர் சுட்டுகளை எண்ணும் முறையை நாடுகின்றனர்; 1960இல் ஜார்ஜ் காலின்ஸ் தந்த அம்முறையில் ஒரு பொருளைச் சுட்டுவோர் எண்ணிக்கை சுழியமானதும் அதன் இடம் விடுவிக்கப்படும். ஆனால் தன்னையே அழைக்கும் உட்செயற்கூறு ஒன்று இருந்தால், செயற்கூறு சூழலைச் சுட்ட, சூழல் செயற்கூற்றைச் சுட்ட, இரண்டின் எண்ணிக்கையும் என்றும் சுழியமாகாது. எனவே சுட்டு எண்ணுதல் மட்டும் போதாது. மெக்கார்த்தியின் 1960ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இடம்பெற்ற, எட்டக்கூடியவற்றைக் குறித்துவிட்டு எஞ்சியவற்றை அகற்றும் முறையே சி மொழியில் எழுதுவோருக்கு நேரான வழி. சுட்டு எண்ணும் பைத்தானும் 2000ஆம் ஆண்டு 2.0 பதிப்பில் சுழற்சிகளைக் கண்டறியும் சேகரிப்பியைச் சேர்க்க நேர்ந்தது.

வேகம் பற்றிய ஆர்வம் இத்துறையில் எப்போதும் மிகுதி. மரத்தைத் தட்டையான பைட்கோடு வரிசையாக மாற்றி, அதை ஒரு சிறு கற்பனை இயந்திரத்தில் ஓட்டுவது பொதுவான அடுத்த படி. ரூபி 1.9 பதிப்பில் கோயிச்சி சசாதாவின் இயந்திரம் வழியாக இப்படியே, மரத்தை நேரே சுற்றிவந்து மதிப்பிடும் மரநடையைக் கைவிட்டது; டிசிஎல் மொழி 1997இல் 8.0 பதிப்பில் பைட்கோடுக்கு மாறியது. லுவா 5.0 அடுக்குக்குப் பதிலாகப் பதிவேடுகளைக் கொண்ட இயந்திரத்தை மேற்கொண்டது. எனினும் சிறு மொழி ஒன்றில் கிடைக்கும் பயனில் பெரும்பங்கு பெயர்த் தேடலை நீக்குவதால் வருவதே. பெயரின் இடம் முன்பே எண்ணாகத் தீர்மானிக்கப்பட்டுவிட்டால், அகராதியில் தேடுவதற்குப் பதில் அணியின் ஓர் உறுப்பை எடுப்பதே வேலையாகும். பைத்தானின் வழக்கமான வரிமொழிமாற்றியான சிபைத்தானில் செயற்கூற்றின் உள்மாறிகள் பொதுமாறிகளைவிட விரைந்து கிடைப்பதற்கும் இதுவே காரணம். பெயர்களைத் தீர்க்காமல் பைட்கோடுக்குத் தாவுவது உழைப்பை இடம் மாற்றுவதேயாகும்.

இரு நடைமுறைக் குறிப்புகளும் உள. பைத்தானில் எழுதிய மரநடை வரிமொழிமாற்றியில், பயனரின் ஓர் அழைப்பு பைத்தானின் பல அழைப்புகளாக விரிவதால், அதன் இயல்பான 1000 என்னும் தற்சுழற்சி வரம்பு பயனருக்கு நூற்றுச் சொச்சம் ஆழத்திலேயே முடிந்துவிடும்; அப்போது பைத்தானின் பிழைச்செய்தி நீண்டு கொட்டாமல், மொழியின் சொந்தச் செய்தி வர வேண்டும். பிழையின் இடத்தைச் சுட்டும் எண்ணும் தமிழில் கவனிக்கத்தக்கது: 'தொகை' என்பது யூனிகோடில் நான்கு குறியீடு, கண்ணுக்கு இரண்டு எழுத்து. குறியீட்டை எண்ணி அம்புக்குறி இட்டால் அது பிழைக்கு வலப்பக்கம் தள்ளி நிற்கும்.

தமிழிலோ வேறெந்த மொழியிலோ புதிய ஸ்கிரிப்ட் மொழி அமைக்க முனைவோர், மதிப்பிடும் பகுதியின் முதல் வரியை எழுதும் முன்னரே மேலே காட்டிய வரி, எண்ணி, மடக்கு ஆகிய மூன்று நிரல்களையும் சோதனைகளாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தாம் விரும்பும் விடையையும் அருகில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். மொழியைப் பயன்படுத்துவோர் சேர்ந்த பின் அந்த விடைகளை மாற்றுவது எளிதாக இராது.